பூமியின் போர்வையும் நம் வீட்டுக் கணக்கும்



"வெயில் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகுதே" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். "பசுங்குடில் விளைவு" என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு, இதில் மனிதனின் பங்கு எவ்வளவு, நம்மைப் போன்ற குடும்பங்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இந்த இதழின் பாடத்தில் விடை தேடுவோம். உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படியாக இதை எழுதியிருக்கிறோம்.

1. போர்வை ஓர் அருட்கொடை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். பசுங்குடில் விளைவு என்பதே கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நாம் யாருமே இங்கே இருக்க முடியாது.

பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ். சூரியனிடமிருந்து வரும் வெப்பத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருக்க வேண்டும். அதாவது குளம், ஆறு, கடல் எல்லாம் உறைந்து கிடக்க வேண்டும். இந்த 33 டிகிரி வித்தியாசத்தை உண்டாக்குவது நம்மைச் சுற்றியுள்ள காற்று. குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ளும் போர்வையைப் போல அது பூமியின் வெப்பத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது.

சந்திரனைப் பாருங்கள். சூரியனிலிருந்து ஏறக்குறைய நம்மைப் போலவே அதே தூரத்தில்தான் அதுவும் இருக்கிறது. ஆனால் அங்கே காற்று மண்டலம் இல்லை. அதனால் பகலில் சுமார் 120 டிகிரி கொதிக்கிறது, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 130 டிகிரி வரை உறைகிறது.

அதற்கு நேர்மாறானது வெள்ளிக் கிரகம். அதன் காற்று மண்டலம் மிக அடர்த்தியானது, அதில் 96 விழுக்காடு கரியமில வாயு. அங்கே இரவும் பகலும் 460 டிகிரிக்கு மேல். சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கும் புதன் கிரகத்தைவிட அது வெப்பமானது. ஒன்றுக்குப் போர்வையே இல்லை, இன்னொன்றுக்கு அளவுக்கு மீறிய போர்வை. நடுவில், வாழ்வதற்கு ஏற்ற அளவான போர்வையோடு இருக்கிறது நம் பூமி. இந்த அளவைத்தான், இந்த மீஸானைத்தான், நாம் இப்போது குலைத்துக்கொண்டிருக்கிறோம்.

2. போர்வை எப்படி வேலை செய்கிறது?

இதை ஒரு வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் எளிதில் புரியும்.

வரவு: சூரிய ஒளி. அதில் பத்தில் மூன்று பங்கை மேகங்களும் பனியும் வெளிறிய நிலமும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி ஏழு பங்கு பூமியைச் சூடாக்குகிறது.

செலவு: சூடான எந்தப் பொருளும் வெப்பத்தை வெளியே விடும். அடுப்பிலிருந்து இறக்கிய தேக்சாவுக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் தொடாமலே சூடு தெரியும் அல்லவா? அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். பூமியும் அப்படித்தான் இரவு பகலாகத் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது.

வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை பூமியின் வெப்பநிலை மாறாது.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். இவை இரண்டும் வெளியேறும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை. ஆனால் நீராவி, கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற வாயுக்களின் மூலக்கூறுகள் அந்தக் கதிரை உறிஞ்சி அதிர்கின்றன. பிறகு அந்த வெப்பத்தை எல்லாத் திசைகளிலும் விடுகின்றன. அதில் ஒரு பகுதி மறுபடி பூமிக்கே திரும்புகிறது. இதுதான் போர்வையின் வேலை.

இதை நாம் அனுபவத்திலும் அறிவோம். மேகமூட்டமான, ஈரப்பதம் நிறைந்த இரவில் நமக்குப் புழுக்கம் தாங்காது. பகலில் தீயாய்ச் சுடும் பாலைவனமோ இரவில் விறுவிறுவென்று குளிர்ந்துவிடும். காற்றில் நீராவி இருந்தால் வெப்பம் தங்குகிறது, இல்லாவிட்டால் ஓடிவிடுகிறது.

குளிர் நாடுகளில் செடி வளர்க்கக் கட்டும் கண்ணாடிக் குடிலை வைத்து இதற்குப் பசுங்குடில் விளைவு என்று பெயர் வந்தது. உவமை முழுக்கப் பொருந்தாது. கண்ணாடிக் குடில் சூடான காற்று வெளியே போகாமல் அடைத்து வைக்கிறது, பூமியின் வாயுக்கள் வெப்பக் கதிரைப் பிடிக்கின்றன. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

3. நேற்று வந்த பேச்சா இது?

"முன்பெல்லாம் யார் இதைச் சொன்னார்கள்? இப்போது புதிதாகக் கிளப்பிவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. இது இருநூறு ஆண்டு பழைய அறிவு.

பூமி சூரியனால் மட்டும் பெறக்கூடிய அளவைவிட வெப்பமாக இருக்கிறதே, காற்று மண்டலம் அதைப் பிடித்து வைக்கிறதோ என்று 1824-லேயே பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஃபூரியே எழுதினார். 1856-ல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெப்பமானியோடு வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகமாகச் சூடேறியது, நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் ஆற நெடுநேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமி சூடாகும் என்று அன்றே அவர் எழுதினார். 1859-ல் லண்டனில் ஜான் டிண்டால், எந்த வாயு எவ்வளவு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று கருவி வைத்து அளந்தார். 1896-ல் சுவீடனின் அர்ரீனியஸ், கரியமில வாயு இரு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடேறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார்.

பின்னர் 1958-ல் சார்லஸ் கீலிங், ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலைமீது, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். தொழிற்சாலையோ ஊரோ அருகில் இல்லாத இடம். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-ன் சராசரி 424 பங்கு. ஒவ்வொரு ஆண்டும் வடபகுதிக் காடுகள் தளிர்க்கும்போது இது சற்று இறங்கும், இலை உதிரும் காலத்தில் ஏறும். மூச்சு வாங்கி விடுவது போன்ற இந்த ஏற்ற இறக்கத்தோடு, ஒட்டுமொத்தக் கோடு மேலே மேலே போகிறது.

அதற்கு முந்தைய காலத்தை எப்படி அறிவது? அன்டார்டிகாவின் பனிக்குள் பழைய காலக் காற்று சிறு சிறு குமிழ்களாக அடைபட்டுக் கிடக்கிறது. ஆழத்தில் துளையிட்டு எடுத்த பனிக்கட்டிகளிலிருந்து 8 லட்சம் ஆண்டுகளின் காற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். அவ்வளவு நீண்ட காலத்தில் கரியமில வாயு 300 பங்கைத் தாண்டியதே இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் 280 பங்கு இருந்தது. அதிலிருந்து இன்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது.

4. போர்வையைக் கனமாக்கியது எது?

முதலிடம் நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடிகொடிகளும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் புதைந்து உருவானவை இவை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமி பூட்டி வைத்த கரியை, இருநூறு ஆண்டுகளுக்குள் எடுத்து எரித்துக் காற்றில் கலந்துகொண்டிருக்கிறோம். இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு இவற்றிலிருந்து வெளியாகிறது. சிமென்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது, அதுவும் இந்தக் கணக்கில் சேரும். காடுகளை அழிப்பது இதன்மேல் இன்னொரு சுமை.

இரண்டாவது மீத்தேன். ஆடு மாடுகளின் இரைப்பை, தண்ணீர் தேங்கிய நெல் வயல், எரிவாயுக் கிணறுகள், நிலக்கரிச் சுரங்கங்கள், ஊர்க் குப்பைமேடுகள் ஆகியவற்றிலிருந்து இது வருகிறது. காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் தங்கும். ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

மூன்றாவது நைட்ரஸ் ஆக்சைடு. வயலில் அளவுக்கு மீறி யூரியா போன்ற உரங்களைக் கொட்டும்போது இது வெளியாகிறது.

நான்காவது, பலர் அறியாதது: ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் அடைக்கும் குளிர்விக்கும் வாயு. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு ஒரு கிலோ கசிந்தால், சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விட்டதற்குச் சமம்.

நீராவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்வையில் பெரும் பங்கு அதற்குத்தான். ஆனால் அதன் அளவை நாம் நேரடியாகக் கூட்டுவதில்லை, கூடினாலும் சில நாளில் மழையாக இறங்கிவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே கரியமில வாயு சூட்டைத் தொடங்கி வைக்கிறது, நீராவி அதைப் பெருக்குகிறது. மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கும் இந்தக் கூடுதல் நீராவி ஒரு காரணம்.

5. மனிதன்தான் காரணம் என்பதற்கு என்ன சாட்சி?

சாட்சியில்லாமல் யார்மீதும் குற்றம் சொல்லக் கூடாது. எனவே பொதுவாகக் கேட்கப்படும் நான்கு கேள்விகளையும் விடைகளையும் பார்ப்போம்.

*"எரிமலைகள் விடாத புகையா?"* உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

*"இயற்கையே இதைவிட எத்தனையோ மடங்கு வாயுவை விடுகிறதே?"* உண்மை. மரங்களும் மண்ணும் கடலும் ஆண்டுக்குச் சுமார் 75,000 கோடி டன் விடுகின்றன. ஆனால் அதே அளவைத் திரும்ப எடுத்தும் கொள்கின்றன. ஒரு கடையில் மாதம் 75,000 ரூபாய் வரவு, 75,000 ரூபாய் செலவு என்றால் கையிருப்பு மாறாது. அதில் மாதாமாதம் 4,000 ரூபாய் கூடுதலாக வந்தால் கையிருப்பு ஏறிக்கொண்டே போகும். நாம் சேர்ப்பது அந்தக் கூடுதல். அதில் பாதிக்கு மேற்பட்டதைக் கடலும் காடுகளும் விழுங்கி நமக்கு உதவுகின்றன. பாதிக்குச் சற்றுக் குறைவானது காற்றிலேயே தங்குகிறது. விழுங்கிய கடலும் சும்மா இல்லை, அதன் நீர் அமிலத் தன்மை கூடிப் பவளப் பாறைகளை வாட்டுகிறது.

*"சூரியனே அதிகமாகச் சுடுகிறதோ?"* 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனின் ஆற்றலை அளந்துவருகின்றன. அதில் ஏறுமுகம் எதுவும் இல்லை. மேலும், சூரியன் காரணமானால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ் வரை முழுதும் சூடாக வேண்டும். நடப்பதோ வேறு. கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்கிறது. போர்வைக்கு உள்ளே சூடு தங்குவதற்கு இதுவே அடையாளம்.

*"கூடிய வாயு நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் வந்தது என்று எப்படித் தெரியும்?"* கரிக்கும் கைரேகை உண்டு. உயிருள்ளவற்றில் கார்பன்-14 என்ற ஒரு வகைக் கரி சிறிதளவு இருக்கும். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே தீர்ந்து போயிருக்கும். நாம் அவற்றை எரிக்க எரிக்க, காற்றிலுள்ள கரியில் கார்பன்-14-ன் விகிதம் நீர்த்துப் போகிறது. 1950-களிலேயே ஹான்ஸ் சூஸ் என்ற அறிஞர் மரங்களின் வளையங்களில் இதைக் கண்டுபிடித்தார். இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். ஓசோன் ஓட்டை வேறு, பசுங்குடில் விளைவு வேறு. ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது. அதில் ஓட்டை விழுந்ததால் பூமி சூடாகவில்லை. ஆனால் ஓசோனை அழித்த குளிர்விப்பு வாயுக்கள் போர்வையையும் கனமாக்குபவை. 1987-ல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்து அவற்றை ஒழிக்கத் தொடங்கின. இன்று ஓசோன் படலம் மெல்ல மெல்லத் தேறிவருகிறது. உலகம் ஒன்றுபட்டால் செய்து முடிக்கலாம் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

6. ஒன்றரை டிகிரியில் என்ன வந்துவிடும்?

தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், 2024-ல் பூமியின் சராசரி வெப்பம் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலே போனது. அளந்த ஆண்டுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு அதுதான். ஒன்றரை டிகிரி சிறிதாகத் தோன்றலாம். உடம்பில் ஒன்றரை டிகிரி கூடினால் நாம் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம். சராசரி சிறிது ஏறினாலே, முன்பு எப்போதாவது வந்த கடும் வெயில் நாட்கள் அடிக்கடி வரத் தொடங்கும்.

நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் ஹஜ். 2024 ஜூன் 17 அன்று மக்காவின் ஹரம் ஷரீஃபில் 51.8 டிகிரி பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதிச் சீட்டு இல்லாமல் சென்று, நிழலோ கூடாரமோ இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக. மக்காவில் ஜூன் மாதம் எப்போதுமே கடும் வெயில்தான், ஒரு நாள் வெயில் முழுவதையும் இந்த வாயுக்களின்மேல் சுமத்த முடியாது. ஆனால் இருந்த வெயிலின்மேல் கூடுதலாக ஏற்றி வைப்பது அவைதான். மனித உடல் தாங்கும் எல்லைக்கு அருகில், அந்தக் கூடுதலே உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வித்தியாசமாகிவிடுகிறது.

நம் பிறைக் கணக்கில் ஹஜ் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அதனால் வரும் ஆண்டுகளில் அது வசந்தத்துக்கும் பின் குளிர்காலத்துக்கும் போகும். அது ஓர் ஆறுதல். ஆனால் சுற்றி வந்து 2050 வாக்கில் மறுபடி ஆகஸ்ட் மாதத்தில் வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 2047 முதல் 2052 வரையும், பின்னர் 2079 முதல் 2086 வரையும் ஹஜ் கிரியைகளின்போது வெப்பம் மிக ஆபத்தான அளவைத் தாண்டக்கூடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். இன்று நம் மக்தபில் அலிஃப் பே ஓதும் பிள்ளைகள் ஹாஜிகளாகச் செல்லும் காலம் அது. அவர்களுக்கு எத்தகைய வெயிலை விட்டுச் செல்கிறோம் என்பது இன்று உலகம் எரிக்கும் கரியில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூட்டை தூக்குபவர், கொத்தனார், சித்தாள், தள்ளுவண்டிக்காரர், வளைகுடாவில் கட்டட வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் இதை உடம்பால் அனுபவிக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது என்பது பல வீடுகளுக்குத் தெரிந்ததே. கடலோரத்தில் வெயிலோடு ஈரப்பதமும் சேர்வது இன்னும் ஆபத்து. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது.

கடும் வெயிலில் ஒருவர் உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு தீயாய்ச் சுட்டாலோ அது வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், துணியை நனைத்து உடம்பெல்லாம் போட்டு, விசிறி, 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

7. "பணக்கார நாடுகள் செய்த வினைக்கு நாமா பொறுப்பு?"

நியாயமான கேள்வி. இந்தியாவில் ஆளுக்குச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்காவில் சுமார் 14 டன். சில வளைகுடா நாடுகளில் 20 டன்னுக்கும் மேல். இதுவரை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து உலகம் காற்றில் சேர்த்த மொத்தக் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு நான்கு விழுக்காட்டை எட்டவில்லை. ஆகவே பெரும் பொறுப்பு அவர்களுடையது. அவர்கள்தான் முதலில் குறைக்க வேண்டும், ஏழை நாடுகளுக்கு உதவவும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

நம் நாட்டுக்குள்ளும் இதே கணக்கு உண்டு. ஓர் அறையில் ஒரு மின்விசிறியோடு வாழும் குடும்பமும், அறைக்கு ஓர் ஏசியும் ஆளுக்கு ஒரு வண்டியும் வைத்திருக்கும் குடும்பமும் சமமல்ல. விறகடுப்பில் புகையை விழுங்கிய தாய் கேஸ் அடுப்புக்கு மாறுவது குற்றமல்ல, அவர் நுரையீரலுக்குக் கிடைத்த விடுதலை. தேவைக்கும் வீண்விரயத்துக்கும் இடையிலுள்ள கோட்டை நாம் நன்றாக அறிவோம். கேள்வி எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ளதைப் பற்றித்தான்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கரியமில வாயு இன்று விட்டால் நாளை மறையும் பொருளல்ல. அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே இருக்கும். மொட்டை மாடித் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். குழாய் வேகமாக ஊற்றுகிறது, கீழே சிறு ஓட்டை வழியாக மெல்ல வடிகிறது. குழாயைக் கொஞ்சம் குறைத்தால் மட்டும் போதாது, மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறக்குறைய மூடும் வரை குறைக்க வேண்டும். சூரிய மின்சாரம், காற்றாலை, மின்சாரப் பேருந்து என்று அரசுகள் மாற வேண்டியது இதனால்தான்.

8. நம் வீட்டுக் கணக்கு

கணக்கு எழுதினால்தான் செலவு எங்கே போகிறது என்று தெரியும். சில அளவுகளைத் தருகிறோம், எல்லாம் சுமாரானவை.

ஒரு லிட்டர் பெட்ரோல்: 2.3 கிலோ கரியமில வாயு. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி இரண்டே கால் கிலோ ஆகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எரியும்போது அதிலுள்ள கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது.

ஒரு லிட்டர் டீசல்: 2.7 கிலோ.

14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று: 42 கிலோ.

ஒரு யூனிட் மின்சாரம்: 0.7 கிலோ. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதே காரணம்.

இனி, பலன் அதிகம் தரக்கூடியவற்றை மட்டும் வரிசையாகச் சொல்கிறோம்.

ஏசி: 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல், 26-ல் வைத்து மெதுவாக மின்விசிறியும் போடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டுவதற்கும் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம். அடிக்கடி கேஸ் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். பழைய வாயுவைத் திறந்து காற்றில் விட்டுவிட மெக்கானிக்கை அனுமதிக்காதீர்கள், சிலிண்டரில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாக வாங்கினால் ஆர்-32 அல்லது ஆர்-290 வாயு உள்ளதா என்று பாருங்கள். ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2032-ல் தொடங்கி 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

மின்விசிறி, மாடி: சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மின்விசிறி 30 வாட்டுக்கு அருகில். இரவு பகலாகச் சுற்றும் வீட்டில் கூடுதல் விலையை மின்கட்டணத்திலேயே மீட்டுவிடலாம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்தால் வெயில் திருப்பி அனுப்பப்படும், கீழறையின் அனல் குறையும். ஏசி வாங்க இயலாத வீட்டுக்கு இதுவே பெரிய உதவி.

சோறு: வலீமா விருந்திலும் வீட்டிலும் மீந்து குப்பைக்குப் போகும் சோறும் கறியும், குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேனாகிறது. இந்த வாயு எரியக்கூடியதும்கூட. சென்னை பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். விருந்துக்குத் தலையை எண்ணிச் சமைப்பது, சஹனில் வேண்டிய அளவே எடுப்பது, மீந்ததைச் சூடு ஆறுமுன் தேவையுள்ளோர்க்குக் கொடுத்தனுப்புவது ஆகிய மூன்றும் நம் கையில் உள்ளவை. காய்கறிக் கழிவை ஒரு தொட்டியில் காற்றோட்டமாக மட்க வைத்தால் மீத்தேன் வராது, செடிக்கு உரமும் கிடைக்கும்.

வண்டி: பக்கத்துத் தெருவுக்கு நடந்துபோவது, ஒரே திசையில் போகும் இருவர் ஒரு வண்டியில் போவது, வெளியூருக்குப் பேருந்தும் ரயிலும் பிடிப்பது.

மரம்: நடுவது நல்லது. ஆனால் நட்டுவிட்டுப் போனால் பயனில்லை, மூன்று கோடை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால்தான் அது மரம். மரம் நட்டதால் மற்ற விரயத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம்.

இவற்றால் மட்டும் உலகச் சூடு நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் மிச்சமாகும் மின்சாரமும் பெட்ரோலும் அந்த மாதமே கையில் நிற்கும் காசு. வார்டு உறுப்பினரிடமும் நகராட்சியிடமும் குப்பையைப் பிரித்து எடுங்கள், பேருந்தைக் கூட்டுங்கள், தெருவுக்கு நிழல் தாருங்கள் என்று கேட்கும்போது, தம் வீட்டில் செய்து காட்டியவரின் பேச்சுக்குத் தனி எடை உண்டு.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. பசுங்குடில் விளைவு அறவே இல்லாவிட்டால் பூமி எப்படி இருக்கும்? அளவுக்கு மீறினால் எப்படி இருக்கும்?

2. கரியமில வாயு கூடியதற்கு எரிமலையோ சூரியனோ காரணமல்ல என்பதற்கு என்ன சாட்சி?

3. ஓசோன் ஓட்டைக்கும் பசுங்குடில் விளைவுக்கும் என்ன வேறுபாடு?

4. கடந்த இரண்டு மாத மின்கட்டணக் குறிப்பை எடுங்கள். யூனிட்டை 0.7-ஆல் பெருக்குங்கள். சிலிண்டரையும் பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு எத்தனை கிலோ கரியமில வாயுவை விட்டிருக்கிறது? அதை வீட்டு ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

5. அதில் தேவை எவ்வளவு, விரயம் எவ்வளவு? அடுத்த இரண்டு மாதத்தில் எதை முதலில் குறைக்கலாம்?

நான்காம் கேள்வியின் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த மின்கட்டணம் வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள், இன்ஷா அல்லாஹ்.